சிறு தேவாலயம் கட்டும் கை

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களின் குடும்பத்தினர் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் அடிக்கடி சொல்வது இது: "ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னீர்கள், டாக்டர். இரண்டு வாரம் செய்தார். இப்போது பந்து அலமாரியில் கிடக்கிறது." இதைச் சோம்பல் என்று நினைப்பது சரியன்று. பந்தை நூறு முறை அழுத்திய பின்னும் பந்து பந்தாகவே இருக்கிறது. செய்தவருக்குக் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஓய்ந்த கைக்குத் தேவையான பயிற்சியைச் செய்தவர் கண்முன்னே வளரும் ஒரு பொருளுக்குள் வைத்துக் கொடுக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு எடுத்துக்காட்டாக, உதகமண்டலத்தின் பழைய தேவாலயம் ஒன்றை மேசைப் போர் விளையாட்டுக்கு உரிய சிறு அளவில் கட்டும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கை எவ்வாறு மீண்டும் கற்கிறது?

பக்கவாதத்தில் பழுதுபடுவது கையன்று. கையை இயக்கும் மூளைப்பகுதி. அப்பகுதியில் இறந்த நரம்பணுக்கள் திரும்புவதில்லை. எனினும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் பிற பகுதிகளும் அந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளப் பழகுகின்றன. இந்தப் பழக்கத்திற்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, ஒரே செயலைப் பலமுறை செய்தல். இரண்டாவது, செயல் அன்றாட வாழ்வின் செயலை ஒத்திருத்தல். மூன்றாவது, செயல் சற்றே கடினமாக, ஆனால் முடியக்கூடியதாக இருத்தல். மீட்சி முதல் மூன்று மாதங்களில் விரைவாக நிகழ்கிறது. அதற்குப் பின்னரும் பயிற்சியால் முன்னேற்றம் தொடர்கிறது. ஆகவே ஆறு மாதம் கடந்துவிட்டது என்பதற்காகக் கையைக் கைவிட வேண்டியதில்லை.

கைத்தொழிலை மருந்தாகக் கொள்வது புதிய எண்ணமன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மரவேலை, கூடை முடைதல் போன்றவற்றைக் கற்பித்த அனுபவமே, ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சை தனித்துறையாக வளர உதவியது. நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்கு வேலை இல்லையெனில் அறுவையால் பயனில்லை என்பதை உணர்ந்து, புதுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவம் படிக்குமுன் கட்டடத் தொழில் பயின்றிருந்த அவர், அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் கற்றுக்கொடுத்தார்.

ஏன் போர் விளையாட்டு?

மேசைப் போர் என்பது, சதுரங்கத்தைப் போலவே, போரை மேசைமீது ஆடும் விளையாட்டு. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் நாட்டுப் படையதிகாரிகளின் பயிற்சிக்காக இத்தகைய விளையாட்டு ஒன்றின் விதிகளை வெளியிட்டார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து வீட்டில் ஆடும் விதிகளைச் சிறு நூலாக எழுதினார். இன்று கல்லூரி மாணவர்கள் உட்படப் பலர் இதை ஆடுகின்றனர். அவர்களின் மேசையில் மலை, ஆறு, வீடு, கோயில், தேவாலயம் ஆகியவை வேண்டும். அவற்றைச் செய்துகொடுக்க ஒருவர் வேண்டும்.

இங்கேதான் நோயாளிக்கு இடம் இருக்கிறது. பேரனோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஒரு கட்டடத்துக்காகக் காத்திருக்கும்போது, தாத்தாவின் உடற்பயிற்சி அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும் வேலையாகிறது. பக்கவாதத்திற்குப் பின் சுமார் மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "என்னால் இனி யாருக்கும் பயனில்லை" என்ற எண்ணம் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. போர் விளையாட்டில் நாட்டமில்லாத வீடுகளில் நவராத்திரிக் கொலு உண்டு. மயிலாப்பூரிலும் திருவான்மியூரிலும் கொலுப்படியின் பக்கத்தில் பூங்கா, தெப்பக்குளம், கிராமம் அமைப்பவர்கள் செய்வதும் இதே கலைதான். கீழே கூறும் முறைகள் அதற்கும் பொருந்தும்.

உதகையின் தேவாலயம்

உதகமண்டலத்தின் புனித ஸ்டீபன் தேவாலயம் நீலகிரியின் பழமையான தேவாலயங்களுள் ஒன்று. அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார். 1830 நவம்பரில் கல்கத்தா பேராயர் அதனை அர்ப்பணித்தார். 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. சுவர்கள் கட்டுமானமாக இருந்தாலும், அதன் சிறப்பு உள்ளிருக்கும் மரத்தில் உள்ளது. பெரிய உத்திரமும் பிற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1799 மே 4 அன்று அந்தக் கோட்டை வீழ்ந்தது. திப்புவும் அன்றே போரில் இறந்தார். ஓர் அரசனின் கூரையைத் தாங்கிய மரம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் மலைமேல் வேறொரு கூரையைத் தாங்கத் தொடங்கியது.

திப்புவின் இறுதிப் போரை மேசையில் ஆடுவோருக்கு இக்கட்டடம் காலத்தால் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலைநகரத்தை அமைப்போருக்கு அது பொருத்தமானது. நமக்கு அது உகந்ததாக இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. போர் விளையாட்டுக்கான கட்டடத்தில் வீரர் பொம்மைகளை உள்ளே வைப்பதற்காகக் கூரை தனியே எடுபடும்படி செய்வது வழக்கம். இத்தேவாலயத்தின் கதையோ கூரையின் அடியில் உள்ள மரத்தில் இருக்கிறது. கூரையைத் தூக்கினால் அந்த மரச்சட்டங்கள் தெரியவேண்டும். எனவே ஓய்ந்த கை அதிகம் உழைக்க வேண்டிய பகுதியும், பார்ப்பவர் விரும்பிக் காணும் பகுதியும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அளவு

இவ்விளையாட்டில் பரவலாகப் பயன்படும் வீரர் பொம்மையின் உயரம் 28 மில்லிமீட்டர். ஐந்தரை அடி மனிதரை அந்த உயரத்துக்குக் குறைத்தால் விகிதம் ஏறத்தாழ 1க்கு 60. அதாவது உண்மையில் ஓர் அடியாக இருப்பது மாதிரியில் 5 மில்லிமீட்டர் ஆகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் போதும். ஏழடிக் கதவு 35 மில்லிமீட்டர்; நாற்பதடிச் சுவர் 20 சென்டிமீட்டர். ஐஸ் குச்சியின் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஓர் அடி அகலமுள்ள உத்திரம் கிடைக்கிறது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் குச்சி, ஏழு அங்குல மரத்துக்கு ஈடு.

நோயாளியே இந்தக் கணக்கைப் போடட்டும். பக்கவாதத்திற்குப் பின் கவனமும் திட்டமிடலும் தளர்வதுண்டு. அளந்து, வகுத்து, வரைந்து, வரிசைப்படி செய்வது அவற்றுக்கும் பயிற்சியாகும். பிழை வந்தால் உடனே திருத்த வேண்டாம். இரண்டு துண்டுகளும் பொருந்தாதபோது அவரே காண்பார்.

கட்டும் முறை

மூலக் கட்டடத்தை முழு நீளத்தில் செய்யத் தேவையில்லை. மேசையில் இடம் போதாது என்பதால் விளையாட்டுக்காரர்களே கட்டடங்களைச் சுருக்கித்தான் செய்வர். புகைப்படத்தைப் பார்த்து, முகப்பின் சதுரக் கோபுரம், சுவரில் வரிசையான சன்னல்கள், சரிந்த கூரை ஆகியவை அடையாளம் தெரியும்படி 20 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள உருவம் செய்தால் போதும்.

சுவர்களும் கோபுரமும்: தடித்த அட்டை அல்லது தெர்மகோலில் வீட்டார் வெட்டிக் கொடுக்க வேண்டும். கூர்கத்தி வேலை நோயாளிக்கு உரியதன்று. ஒட்டும்போது, பலவீனமான கை சுவரை நிமிர்த்திப் பிடித்திருக்க, நல்ல கை பசை தடவட்டும்.

கூரைச் சட்டங்கள்: ஒரு தாளில் முக்கோணம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அடியில் 11 சென்டிமீட்டர் உத்திரம். இருபுறமும் 8 சென்டிமீட்டர் கைமரங்கள். நடுவில் ஒரு நிமிர்ந்த கால். தாளின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்தால் பசை ஒட்டாது. குச்சிகளை வரைபடத்தின்மீது அடுக்கி, ஃபெவிகால் வைத்து ஒட்டினால் ஒரு சட்டம் ஆயிற்று. பத்துச் சட்டங்கள் வேண்டும். மொத்தம் நாற்பது குச்சிகள். அவற்றை ஓர் அட்டைச் சட்டகத்தின்மேல் நிறுத்தி, கைமரங்களின் குறுக்கே பக்கத்துக்கு எட்டாக மூங்கில் குச்சிகளை ரீப்பராக ஒட்டவும். குச்சிகளின் கூர்முனையை முன்னதாகவே நறுக்கிவிட வேண்டும். சட்டகம் சுவரின் உட்புறம் சற்றே இறங்கி அமர்ந்தால் கூரை நழுவாது.

மேற்பரப்பு: ரீப்பரின்மேல் மெல்லிய அட்டை பரப்பி, அதன்மேல் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு அட்டைத் துண்டுகளைக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி ஒன்றன்மீது ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டவும். வரிசைக்கு இருபத்தைந்து, பக்கத்துக்கு எட்டு வரிசை, இரு பக்கங்களுக்கும் சேர்த்து நானூறு துண்டுகள்.

இந்த நானூறுதான் நம் மருந்து. ஒவ்வொரு துண்டுக்கும் கை நீள வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர வேண்டும், தூக்க வேண்டும், இடம்பார்த்து வைக்க வேண்டும், விட வேண்டும். ஐந்து செயல்கள், நானூறு முறை, இரண்டாயிரம் அசைவுகள். பந்தை இரண்டாயிரம் முறை அழுத்துங்கள் என்று நான் சொன்னால் எவரும் செய்யமாட்டார்கள். நாளொன்றுக்கு இருபது துண்டுகள் ஒட்டினால் இருபது நாளில் கூரை முடிந்துவிடும்.

கையின் நிலைக்கேற்ற வேலை

கை அசையவே இல்லையெனில், அதைத் தாள்மீது கனமாக வைத்து, வரைபடம் நகராமல் காக்கச் செய்யுங்கள். அதுவும் வேலைதான், "எனக்கு இக்கை உண்டு" என்று மூளைக்கு நினைவூட்டும் வேலை.

விரல்கள் மூடித் திறக்கத் தொடங்கினால், குச்சிகளை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்றுவதில் தொடங்குங்கள். பலருக்குப் பிடிப்பதைவிட விடுவது கடினம். ஆகவே விடுவதற்குப் போதிய நேரம் கொடுங்கள். சிட்டிகைப் பிடி வந்துவிட்டால் ஓட்டுத் துண்டுகள். அதிலும் தேர்ந்தால் தூரிகை. முழங்கையும் முன்கையும் எப்போதும் மேசைமேல் தாங்கப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் தோள் விரைவில் வலிக்கும்.

இடப்பக்கத்தைக் கவனிக்க மறக்கும் நோயாளிகளுக்கு, பொருள்களில் சிலவற்றை வேண்டுமென்றே இடப்பக்கம் வைத்து, தலையைத் திருப்பித் தேடச் செய்யுங்கள். பார்க்கின்சன் நோயுள்ளவர்கள் மருந்து நன்கு வேலைசெய்யும் நேரத்தில் அமரட்டும். மூட்டுவாதம் உள்ளவர்கள் தூரிகையின் காம்பில் நுரைக்குழாய் சுற்றித் தடிமனாக்கிக் கொள்ளலாம். சிட்டிகை வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். நாளுக்கு இரு தடவை செய்யலாம். தோள் காதை நோக்கி உயர்வது, முழங்கை மடங்கி இறுகுவது, விரல்கள் உள்நோக்கிச் சுருளுவது ஆகியவை களைப்பின் அறிகுறிகள். அப்போது "இன்னும் ஒரு துண்டு" என்று தூண்டாமல் நிறுத்துங்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைப் பக்கவாத நோயாளிகள் பலர் உட்கொள்கின்றனர். சிறு வெட்டும் அதிகம் கசியும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லையெனில் மருத்துவமனைக்கு வாருங்கள். கைவேலைக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நீரிழிவாலோ பக்கவாதத்தாலோ உணர்வு குறைந்த கை, தனக்கு நேரும் காயத்தை அறியாது. டாக்டர் பிராண்ட் தம் நோயாளிகளிடம் கண்டு உலகுக்கு விளக்கியதும் இதுவே: வலி தெரியாத கை, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை அறியாமல் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். இத்தகையோர் சூடான பசைத் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் உள்ளங்கையையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

உடனே இறுகும் பசை விரல்களை ஒட்டிவிட்டால் இழுத்துப் பிரிக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இவ்வேலைக்கு ஃபெவிகால் போதும் என்பதால் அப்பசையைத் தவிர்ப்பதே நலம்.

கூரையைப் பொருத்தச் சிலர் சிறு வலுக்காந்தங்களைப் பதிப்பர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், மூளை நீர் வடியும் குழாயில் சரிசெய்யக்கூடிய வால்வு உள்ளவர்களும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடல் துளைபடும் ஆபத்து உண்டு.

ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அதைப் பிறர் வெளியில் செய்யட்டும். வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் போதும். பழைய உலோக வீரர் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். தொட்டபின் கை கழுவாமல் உண்ணக் கூடாது. வலிப்பு வந்தவர்கள் தனியே அமர்ந்து கருவிகளைக் கையாளக் கூடாது. மறதிநோய் உள்ளவர்கள் சிறு துண்டுகளை வாயில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

வேலையின்போது திடீரென வாய் கோணுதல், கை மேலும் தளர்தல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால், அதைக் களைப்பு என்று எண்ணிப் படுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

உடனிருப்போருக்கு

உங்களுக்கு மிகக் கடினமான வேலை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. ஒரு துண்டை வைக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். நீங்கள் மூன்று நொடியில் வைத்துவிடுவீர்கள். நீங்கள் வைத்தால் கூரை சீக்கிரம் முடியும், கை மீளாது. கோணலாக ஒட்டப்பட்ட துண்டை அவர் உறங்கிய பின் நேராக்கி வைக்காதீர்கள். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள வேறுபாடே அவருக்கு நீங்கள் காட்டக்கூடிய சான்று. வேலை நடக்கும் நாள்களின் தேதியைக் கூரையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வாருங்கள்.

இம்மாதிரி கட்டுவது சிகிச்சைக்கு மாற்றன்று. மருந்து, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, இயன்முறைப் பயிற்சி ஆகியவை நிற்காமல் தொடர வேண்டும். மாதிரி கட்டியதால் மட்டும் கை முழுதாகத் திரும்பும் என்று நான் உறுதி கூற இயலாது. சட்டைப் பித்தானைப் போடுவதும் சோற்றைப் பிசைவதும் இதே சிட்டிகைப் பிடியைத்தான் கேட்கின்றன என்பதையும், அப்பிடி பயிற்சியால் மட்டுமே வளரும் என்பதையும் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, பாதி முடிந்த கூரையைத் துணிப்பையில் வைத்து எடுத்து வாருங்கள். கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று நாங்கள் அளந்து எழுதும் எண்ணைவிட, எந்த வரிசையில் துண்டுகள் நேராகத் தொடங்கின என்பது எங்களுக்கு அதிகம் சொல்லும். அடுத்த பயிற்சியை அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.